தண்ணி கேட்காத செடி

பொய் சொன்னது நீதான். நான் இல்லை. நான் ஆயுசில் சொன்ன பொய்யெல்லாம் வியாபாரப் பொய். எதிரே நிற்கிறவனுக்கும் அது பொய்யென்று தெரியும், அவனும் பதிலுக்கு ஒன்றை அவிழ்த்துவிடுவான், இரண்டும் முட்டிக்கொண்டு நடுவில் ஒரு நிஜம் வந்து விழும், அதற்குப் பேர்தான் விலை. நீ சொன்னது அந்த ரகம் இல்லை. பதில் பேச இடமே வைக்காமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். மூன்று வருஷம். நியாயம் பேசுகிற எவனையாவது கூட்டி வா, நான் பேசுகிறேன். யார் தப்பு என்று அவன் சொல்லட்டும். இப்படி மனசுக்குள் முழக்கம் போட்டுக்கொண்டே தெய்வானை வீட்டுப் பின்புறத்துச் சரிவின் முதல் கல்லில் காலை ஊன்றினாள். நேரில் இருந்த முப்பத்தோரு வருஷமும் கட்டின மனுசனை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள். மனசுக்குள் மட்டும் மூன்று வருஷமாக 'நீ'. பேரைச் சொல்கிற வழக்கம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. மணி பத்தரை இருக்கும். பன்னிரண்டு மணிக்குப் போஜன் வருவான், பக்கத்துக் காட்டுக்காரன், இந்தச் சரிவைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு மாசமாக நச்சரிக்கிறவன். இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன்னால் நிலத்தை ஒருதரம் கால் வைத்து நடந்து பார்க்க வேண்டும்; நடக்காத நிலத்துக்கு விலை சொன்னதாக கேத்திப் பள்ளத்தாக்கில் தெய்வானையைப் பற்றி ஒருத்தனும் பேச முடியாது. அதற்காகத்தான் ஏறுகிறாள். வேறு ஒன்றுக்கும் இல்லை.

சரிவு தெற்கே பார்த்தது. காலையில் விழுகிற வெயில் சாயங்காலம் வரைக்கும் எழுந்து போகாது, பெண் வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்தே கிடக்கும். ஊட்டிக் குளிரைப் பார்க்க வருகிறவர்கள் இந்தச் சரிவில் பத்து நிமிஷம் நின்றால் தெரியும். ஏப்ரல் பிறந்து பாதி ஆயிற்று, கோடை மழை ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழே ஓடை என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் பையும் கல்லும்தான் கிடக்கின்றன. எதிர்ப்பக்கம் மடிப்பு மடிப்பாகப் பச்சையாக இருக்க வேண்டிய கேரட் பாத்திகள் பாதிக்கு மேல் செம்மண்ணாகத் திறந்து கிடந்தன. அவள் சொந்தமாகப் போட்ட ஒன்றரை ஏக்கரும் முளைத்து விரற்கடை வளர்ந்து கருகிவிட்டது. போகட்டும், கேரட் பொல்லாதது, குழந்தை மாதிரி, நேரத்துக்கு ஊட்டவேண்டும், ஒரு வேளை தப்பினால் அழும், இரண்டு வேளை தப்பினால் செத்துப்போகும். முழங்கால் நொடித்தது. ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறேன், யார் துரத்துகிறார்கள், இங்கே வழுக்கி விழுந்தால் என்ன ஆகும், எப்போது தெரியும், யாருக்குத் தெரியும்? மகள் நிர்மலா கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். இன்றைக்குச் செவ்வாய். போஜன் பன்னிரண்டுக்கு வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, அக்கா மண்டிக்குப் போய்விட்டது என்று திரும்பிப்போவான். செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணிக்கொண்டே போனவள் சனிக்கிழமையில் நிறுத்தி, தூ என்று துப்பினாள். விழுகிற ஆள் நானில்லை. பதினாலு வயசில் உறைபனி நேரத்து ஓடைத் தண்ணீரில் முட்டியளவு நின்று கேரட் மூட்டை மூட்டையாகக் கழுவின கால் இது. இப்போது மிஷின் கழுவுகிறது. அப்போது நான்தான் மிஷின்.

இரண்டாவது திட்டில் ஏறினதும் நின்றுவிட்டாள். வெள்ளை. முதலில் யாரோ வேட்டி துவைத்துக் கல்லின் மேல் உலர்த்தியிருக்கிறார்கள் என்றுதான் கண் சொன்னது. பிறகு வேட்டி காற்றில் தனித்தனியாக ஆடிற்று. பூ. தட்டுத் தட்டாகப் பூ, அரிசியை உள்ளங்கையில் பரப்பினமாதிரி சின்னச் சின்னதாக நெருங்கின பூ, இடுப்புக்குக் கீழே விறைப்பான தண்டுகளின் மேல். வெள்ளைக்கு நடுவே அங்கங்கே பழைய ரவிக்கை மாதிரி வெளுத்த ரோஸ். சரிவு முழுக்க. கல்லிடுக்கு முழுக்க. தேனீ வேறு, கல்யாண வீடு மாதிரி. யேரோ. இங்கிலீஷ்காரன் பேர் வைத்த பூச்செடி, அந்த மனுசனுடைய யேரோச் செடி. செத்துப்போய் அழுகி நாறிப்போய், வெட்டி வாரிக் குப்பையில் கொட்டினது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆளுக்கு அரைநாள் கூலி கொடுத்து அவளே நின்று வாரச் சொன்னாள். அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. சமையலறை ஜன்னல் இந்தப் பக்கம்தான் திறக்கும், அதையும் சாத்தி, மேலே காலண்டர் மாட்டிவிட்டாள். மூன்று வருஷமாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவர் கிடையாது. ஒரு கைப்பிடி எரு போட்டவர் கிடையாது. ஜனவரிப் பனி கருக்கியிருக்கும், மார்ச் வெயில் காய்ச்சியிருக்கும். ஊரில் உள்ள காடெல்லாம் வாயைப் பிளந்து கிடக்கும்போது இது மட்டும் எவனைக் கேட்டுப் பூத்தது? தண்ணி ஊற்றினால் சாகிறது, ஊற்றாவிட்டால் பூக்கிறது, இது என்ன மானங்கெட்ட செடி? தெய்வானைக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. சத்தமாகவே சொன்னாள்: "திமிரு." தன் குரல் எவ்வளவு கரகரத்துப்போயிருக்கிறது என்று கேட்டுத் திடுக்கிட்டாள். நேற்றைக்கு ஒரு லாரி டிரைவரோடு போனில் கத்தினதற்குப் பிறகு இதுதான் முதல் பேச்சு.

அதைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. பங்களா கைமாறி ஓட்டல் ஆகி, தோட்டக்காரர்களையெல்லாம் கணக்கு முடித்து அனுப்பின நாள். இருபத்தேழு வருஷம் அந்த பங்களாத் தோட்டத்தில் மண்ணைக் கிளறின மனுசன், கையில் செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றான். என்ன, ஸ்வீட்டா என்று கேட்டாள். பிரித்தால் வேர். இத்தனை வருஷம் உழைத்ததற்கு வேரைக் கொடுத்தார்களா, நீங்களும் வாங்கிக்கொண்டு வந்தீர்களா, நான் வந்திருந்தால் அந்த மேனேஜரை உட்காரவைத்து எழுந்திருக்கவிடாமல் பேசியிருப்பேனே என்று அவள் குதித்தாள். "கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றான். வீட்டைச் சுற்றி நல்ல மண் எவ்வளவோ இருக்க, நேரே இந்தக் கல்லாங்காட்டுக்கு ஏறிப் போய் நட்டான். முதல் மாசம் மட்டும் நாலு நாளைக்கு ஒருதரம் கொஞ்சம் தண்ணீர். பிறகு ஒன்றுமில்லை. தினம் போய்ப் பார்ப்பான், அவ்வளவுதான். பூ முடிந்ததும் கணுக்கால் உயரத்துக்குத் தண்டைக் கத்தரித்து, கட்டாகக் கட்டி, அடுப்பங்கரை உத்திரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவான். செவ்வந்தியும் கற்பூரமும் கலந்தமாதிரி வீடு முழுக்க ஒரு கசப்பு வாசனை. தின்ன முடியுமா, விற்க முடியுமா, சாமிக்கு வைக்க முடியுமா என்று அவள் கேட்பாள். "பாக்கலாம்" என்பான். பார்க்கலாம் என்றால் கண்ணால் பார்க்கலாம் என்றா, பிறகு யோசிக்கலாம் என்றா, இன்றுவரை தெரியாது. அப்படிப் பேசுகிற மனுசனோடு எப்படி வாழ்வது? கழுதையை விற்க வந்தவன்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவான். ஆனால் ஒன்று, மேலேயிருந்து இறங்கி வரும்போது அந்த முகம் வேறாக இருக்கும். அதை அவள் ஜன்னல் வழியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்திருக்கிறாள். பார்த்ததாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்த முகத்துக்காகத்தான் செய்தேன். தெரியுமா உனக்கு? கூடலூரில் உன் அண்ணன் செத்துப்போய், பதினாறாம் நாள் காரியம் முடித்து, அண்ணிக்குத் துணையாக இன்னும் நாலு நாள் என்று இருபது நாள் அங்கேயே இருந்தாயே, அப்போது. நீ திரும்பி வரும்போது அசந்து போகவேண்டும் என்று நினைத்தேன். நான் யாருக்கும் சும்மா ஒன்றைச் செய்து பழக்கமில்லாதவள். செய்யும்போது கை கூசிற்று. குனிந்து அந்த இலையைப் பார்த்தேன். நறுக்கு நறுக்காக, இறகு மாதிரி, அச்சு அசல் கேரட் இலை. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கேரட் எனக்குத் தெரியாதா? நாற்பத்தைந்து வருஷமாகக் கேரட்டின் இலையைப் பார்த்தே அடியில் எவ்வளவு என்று சொல்கிறவள். பாவம், இந்த மனுசனுக்குச் செடிக்குச் சோறு போடத் தெரியவில்லை, அதுதான் இப்படிச் சாம்பல் பூத்து முழங்காலுக்கு நிற்கிறது என்று தோன்றிற்று. ஒரு லோடு கோழி எரு இறக்கினாள். ஆள் வைத்துச் சுமந்து, தூர் தூராகக் குவித்தாள். ஸ்பிரிங்ளர் குழாயைச் சரிவுவரை இழுத்துக் காலையும் மாலையும் திறந்துவிட்டாள். பார்க்க வேண்டுமே, என்ன வளர்த்தி. பச்சை என்றால் பச்சை. பதினைந்தே நாளில் நெஞ்சு உயரம். அந்தச் செடிகளுக்கு நடுவில் நின்று அவள் சிரித்துக்கூட இருக்கிறாள், தனியாக. பதினெட்டாம் நாள் ஒரு சின்ன மழை. காலையில் பார்த்தால் மொத்தமும் குடிகாரன் மாதிரி படுத்துக் கிடக்கிறது. குச்சி கொடுத்துக் கட்டினாள். கட்டின இடத்தில் ஒடிந்தது. படுத்தது தானே எழும், பூவெல்லாம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டாள். அடியில் கறுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. மேலே பார்த்து விலை சொல்கிறவனை ஆயிரம் தரம் திட்டியிருக்கிற வாய், தனக்கு என்று வந்தபோது மேலேதான் பார்த்தது.

இருபதாம் நாள் வந்தாய். மொட்டைத் தலையோடு, சட்டையில் பஸ் தூசியோடு. வா வா என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிப்போனேன். நீ நின்றாய். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாய். ஒரு தண்டைத் தூக்கினாய், அது அடியோடு உன் கையோடு வந்தது, நனைந்த கயிறு மாதிரி. நாற்றம் எனக்கே அப்போதுதான் அடித்தது. நான் என்ன கேட்டேன்? எப்படி, உசரமா வந்துச்சுல்ல என்று கேட்டேன். என் வாய் அப்படித்தான், அடி விழப்போகிறது என்று தெரிந்தால் முந்திக்கொண்டு பெருமை பேசும். நீ என்ன சொல்லியிருக்க வேண்டும்? அறிவிருக்கா என்று கேட்டிருக்கலாம். யாரைக் கேட்டுச் செய்தே என்று கேட்டிருக்கலாம். அந்த அழுகின தண்டை என் மேல் விட்டெறிந்திருக்கலாம். நீ எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றாய். நல்லாருக்கு. பத்து நாள் கழித்து, அண்ணி தனியா இருக்காங்க, கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் என்றாய். எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை நான்; கேட்டால் நீ ஒரு கணக்கு சொல்வாய், அதுவும் பொய்யாக இருக்கும். போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரிவுப்பக்கம் நீ திரும்பவே இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போகிறவன் திரும்பி வருவான், சண்டைக்கு மீதி இருக்கும். அப்பா ஏன் போனார்னு உனக்கு நிஜமாவே தெரியாதாம்மா என்று நிர்மலா ஒருநாள் கேட்டாள். "தெரியாது. தெரிஞ்சவ சொல்லு" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவளும் சொல்லவில்லை. உன் மகள்தானே.

வெயில் உச்சந்தலையில் இறங்கிற்று. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். கத்தியது தப்பா? கத்தாமல் எப்படிப் பிழைத்திருப்பேன்? எட்டு வயசில் சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கினபோது மண்டபம் முகாமில் வரிசை. சோற்றுக்கு வரிசை, போர்வைக்கு வரிசை, பேர் பதிய வரிசை. சிலோனில் நல்லா இருந்தோம் என்று சொல்லிச் சொல்லியே அப்பா வரிசையில் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார். வாயில்லாத மனுசன். அன்றைக்கு எட்டு வயசுப் பிள்ளை முன்னால் புகுந்து, எங்கப்பாதான் முதல்ல வந்தாரு என்று தொண்டை கிழியக் கத்தினாள். போர்வை கிடைத்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டது அது: கேட்டால் கிடைக்கும், கேட்காதவனுக்கு மிச்சம். மண்டியில் ஆம்பிளைகளுக்கு நடுவே முதல் தடவை விலை சொன்னபோது சிரித்தார்கள். மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக. மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. அப்படி வாங்கின வீடு இது. அப்படிப் படிக்கவைத்த பெண் நிர்மலா. கேட்காமலே இருந்து, ஒன்றும் வாங்கிக்கொள்ளாமலே இருந்து, பட்டினி கிடந்து பூக்கிற ஒன்று உலகத்தில் இருக்குமென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இப்போது காலையில் ஒரு டம்ளர் அரிசி. பழக்கத்தில் இரண்டு டம்ளர் போட்டுவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றிவைத்த நாட்கள் முதல் வருஷம். இப்போது கை தப்புவதில்லை, ஒரே டம்ளர்தான். கை பழகிவிட்டதுதான் பயமாக இருக்கிறது. டிவியைச் சத்தமாக வைத்தால் வீடு நிறைந்தமாதிரி இருக்கும், ஆனால் டிவியோடு எவ்வளவு கத்தினாலும் அது அதன் பாட்டுக்குப் பேசும். உன்னைப் போலவே. இல்லை, நீயாவது சில சமயம் 'ம்' சொல்வாய்.

கல்லை ஒட்டியிருந்த தூரைக் கையால் விலக்கினாள். தப்பின வேர்தான் இது, கல்லுக்கு அடியில், எருவும் தண்ணீரும் போகாத இடத்தில் ஒதுங்கிக் கிடந்து, அப்புறம் கிளை விட்டு ஊர்ந்து வந்திருக்கிறது. இலையைக் கசக்கினாள். அந்த வாசனை. அடுப்பங்கரை உத்திரம் மூக்குக்குள் வந்து நின்றது, ஒரு நொடி, போயிற்று. மறுபடி கசக்கினாள், மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக. விலை சொல்லப்போகிற நிலத்தில் செய்வதைச் செய்வோம் என்று, ஓரத்தை விட்டுவிட்டு நடுத்தூரில் கையை விட்டாள். பாத்தி ஓரம் யாரையும் ஏமாற்றும். அங்கே காற்றும் வெளிச்சமும் அதிகம், கேரட் பருத்து நிற்கும், காட்டுக்காரன் அங்கேதான் பிடுங்கிக் காட்டுவான். நடுவில் பிடுங்குகிறவள்தான் வியாபாரி. கை உள்ளே போனது. ஒன்றும் தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தாள். சுற்றிலும் பூவும் இலையுமாக வளையம் போட்டு நிற்கிறது, நடுவில் மொட்டை. காய்ந்த சுள்ளி, செத்த வேர், வெறும் மண். அடுத்த தூரைப் பார்த்தாள். அதுவும் அப்படி. அதற்கடுத்ததும். அந்த மனுசன் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் முள் மண்வெட்டியோடு மேலே ஏறுவான், ஒவ்வொரு தூராகப் பெயர்த்துத் துண்டு துண்டாகப் பிரிப்பான், நடுவை எறிந்துவிட்டு ஓரத்துத் துண்டுகளை ஒரு முழம் தள்ளித் தள்ளி நடுவான். ஜன்னலில் அதையும் பார்த்திருக்கிறாள். ஆனால் எந்த மாசம்? பூவோடா, பூ முடிந்தா? எவ்வளவு ஆழம்? அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? மொட்டை பெரிதாகிக்கொண்டே போகும், வளையம் மெலிந்துகொண்டே போகும், ஒருநாள்... அப்படியே கையை உள்ளே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, கீழேயிருந்து குரல் கேட்டது.

"என்னக்கா, கேரட்டை இப்படிப் பூக்க விட்டுட்டீங்க? விதைக்கா?" போஜன் மப்ளரைக் கழற்றி விசிறிக்கொண்டே ஏறி வந்தான். நாற்பது வயசு, நல்ல உழைப்பாளி, அப்பனைப் போலவே கண்ணால் அளக்கிறவன். "போஜா, கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தியா? இது கேரட்டா?" என்றாள். "எலையப் பார்த்தா அப்படித்தானே இருக்கு" என்றான் அவன் வெகுளியாக. தெய்வானை அந்த இலையை இன்னொருதரம் குனிந்து பார்த்தாள். அவன் அதைக் கவனிக்காமல் சரிவைக் கையால் கோடு போட்டுக் காட்டினான். "இங்க மூணு திட்டு கட்டிடறேன். ரெண்டு லோடு செம்மண்ணு, ஒரு லோடு கோழி எரு. போர்த் தண்ணி என் செலவுல இழுத்துக்கறேன். இந்தக் களையெல்லாம் ரெண்டு ஆள் விட்டா ஒரே நாள்ல சுத்தம். ஆடிக்குள்ள இந்த இடம் பச்சைன்னா பச்சையா ஆயிடும் பாருங்க." அவள் கையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். "சரி, வெலையச் சொல்லுங்கக்கா. நீங்க வானத்தக் கேப்பீங்க, நான் பூமியச் சொல்லுவேன். மத்தியானச் சோத்துக்குள்ள முடிச்சுக்கலாம்." சொல்ல வேண்டிய விலை நாக்கின் நுனியில்தான் இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக அது தானாகவே வெளியே குதிக்கும். இப்போது அதன் இடத்தில் வேறொன்று வந்தது. "அவரக் கேக்கணும்" என்றாள்.

"எவர?" "எங்க வீட்டுக்காரர." போஜன் சிரித்தான், முழுசாகச் சிரித்தான். "நீங்களா? கேக்கணுமா? எங்கப்பா சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு, தெய்வானை சாமியக்கூடக் கேக்காம வெலை முடிக்கும்னு." "உங்கப்பன் அளந்து போட்ட கேரட்ட நான் திரும்ப அளந்தேன். அந்தக் கடுப்பு அவருக்குப் போகவே இல்ல" என்றாள். ஆனால் குரலில் காரம் ஏறவில்லை. போஜன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டான். "கேளுங்கக்கா. நான் கீழ கல்லுல உக்காந்திருக்கேன். ஆனா இன்னிக்குச் சொல்லிடணும். நீங்க இல்லைன்னா மாமன் நெலத்த எடுத்துக்கறேன், அவரு அட்வான்ஸுக்குக் கைய நீட்டிட்டு நிக்கறாரு." இறங்கிப் போனான். அவன் தலை மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிடலாம். கொடுத்தால் ஒரே நாளில் சுத்தம், ஜன்னலையும் திறந்துகொள்ளலாம். அப்புறம் அந்த மனுசன் திரும்பி வருவதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். நான் இருக்கும்போதுதானே போனான். இந்தக் களைதான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தாள். போனில் நம்பர் 'அப்பா' என்று இருந்தது; நிர்மலா பதிந்து கொடுத்தது. தெய்வானை அந்தப் பேரை ஒருதரம் தடவிப் பார்த்தாள், பிறகு அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்கமாட்டான். எடுத்தால் என்ன பேசுவது? விலை தெரியாமல் சந்தைக்குள் நுழைந்தமாதிரி இருந்தது. ஆறாவது மணியில் எடுத்தான்.

"ம்." "நான்தான்." "ம்." "சாப்டீங்களா?" சொன்ன பிறகுதான் தெரிந்தது, மூன்று வருஷமாகக் கூர் தீட்டிவைத்த அத்தனை வார்த்தையிலும் இதுவா முதலில் வந்தது என்று. "இனிமேத்தான்." அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரித்தது, பாத்திரம் நகர்கிற சத்தம். "போஜன் வந்திருக்கான். பின்னாடி சரிவ குத்தகைக்குக் கேக்கறான். இன்னிக்கே சொல்லணுமாம்." "உன் இஷ்டம்." அதேதான். கல்யாணத்துக்கு மறுவாரம் கேட்ட அதே சொல். சேலை எடுக்கும்போது, வீடு வாங்கும்போது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது. உன் இஷ்டம். அவள் போனை வைக்கப் போனாள். கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேல் நின்றது. எதிரே ஒரு தேனீ பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. "அது திரும்ப வந்திருக்கு" என்றாள். "எது?" கேள்வி. அந்த மனுசன் அவளிடம் கேள்வி கேட்டு எத்தனை காலம். "உங்க செடி. சரிவு பூரா. ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தல, சத்தியமா." அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். "வெள்ளையா?" "வெள்ளை. அந்த அழுக்கு ரோஸும் இருக்கு. ஆனா நடுவெல்லாம் மொட்டையா இருக்கு. ஓரம் மட்டும் நிக்குது. இத என்ன பண்ணணும்?" கோழிச் சத்தம்கூட நின்றுவிட்டது. "அதான் போஜன் எடுத்துக்கப் போறான்ல. அப்புறம் எதுக்கு?" என்றான்.

அந்த 'எதுக்கு'வில் ஒரு முனை இருந்தது. மெல்லிசு, மற்றவர்கள் காதில் விழாது. எதிராளி அடித்தொண்டையில் மூச்சு இழுப்பதை வைத்தே விலை ஏறப்போகிறதா இறங்கப்போகிறதா என்று கண்டுபிடிக்கிற காதில் விழுந்தது. கோபம். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுசன் வாயிலிருந்து ஒரு எதிர்விலை. அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், கீழே போஜனுக்குக் கேட்டால் கேட்கட்டும். "அதச் சொல்லுங்க. இப்பச் சொன்னீங்களே, அதையே இன்னும் சத்தமாச் சொல்லுங்க. என் இஷ்டம் என்ன லட்சணத்துல இருந்துச்சுன்னு நீங்க கைல எடுத்துப் பார்த்தீங்கல்ல? பார்த்துட்டு வாய மூடிட்டுப் போனீங்கல்ல? நான் கேக்காம செஞ்சேன், தப்பு. நீங்க சொல்லாம போனீங்க, அதுவும் தப்பு. என் தப்பத் திட்டக்கூட ஆளில்லாம மூணு வருஷமா நானே எனக்குப் பேசிட்டுக் கெடக்கறேன். போஜனுக்கு இல்லைன்னு இப்பவே சொல்லி அனுப்பிடறேன். நீங்க வாங்க. ரெண்டு மணிக்கு ஊட்டி பஸ் இருக்கு. வந்து இந்த வெயில்ல என் முன்னால நின்னு, யாரைக் கேட்டு என் செடியத் தொட்டேன்னு கேளுங்க. நான் எதிர்த்துப் பேசுவேன், சும்மா இருக்க எனக்கு வராது, அதுக்கும் சேத்துத் திட்டுங்க. திட்டி முடிச்சிட்டு, இதப் பிரிச்சு நடறது எப்படின்னு பக்கத்துல நின்னு காட்டுங்க, நான் மண்ணு தள்றேன். உங்க இஷ்டம் என் இஷ்டம்னு இனி எங்கிட்டச் சொல்லக்கூடாது. கெடுத்ததுல உங்களுக்கும் பாதி இருக்கு. கேக்குதா? வந்து சரி பண்ணிக் குடுங்க."